தார் சுற்றும் பெண் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்?

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியும் அதை அடுத்துள்ள நெய்வேலி நகரியமும் ஒரே பேருந்துத் தடத்தில் இருந்தாலும், அவ்விரண்டும் சமூகப் பாதுகாப்பின் இரு வேறு நிலைகளைக் காட்டுகின்றன. 1956இல் தொடங்கப்பட்டு இன்று என்எல்சி இந்தியா என்று அழைக்கப்படும் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளருக்கு மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, நிறுவனத்தின் மருத்துவமனை, நகரியத்தில் வீடு என்று வாழ்க்கையின் இடர்கள் பலவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி, குறிஞ்சிப்பாடியின் கைத்தறித் தெருக்களில் கைலி நெய்யும் குடும்பத்துக்கோ, அதைச் சூழ்ந்த செம்மண் நிலத்து முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கும் பெண்ணுக்கோ, நகரியத்து வீடுகளில் பாத்திரம் துலக்கி நாள் தள்ளுபவருக்கோ அத்தகைய ஏற்பாடு எதுவும் பணியின் வழியாகக் கிடைப்பதில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, மின் உற்பத்தி அத்தியாவசியப் பணி என்பதால் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இயங்கின. தறியும் தோப்பும் வீட்டு வேலையும் நின்றன. நின்றுபோன வேலைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகளில் இருந்தவை என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளின் தொடக்கம்.

சமூகப் பாதுகாப்பு என்பது நோய், முதுமை, மகப்பேறு, வேலையிழப்பு, குடும்பத்தில் சம்பாதிப்பவரின் மரணம் ஆகியவற்றால் ஒரு குடும்பம் வறுமைக்குள் சரிந்துவிடாமல் காக்க அரசும் சமூகமும் செய்துவைக்கும் ஏற்பாடுகளின் தொகுப்பாகும். ரேஷன் அரிசி, முதியோர் உதவித்தொகை போன்ற நேரடி உதவிகள், தொழிலாளரும் முதலாளியும் பங்களிக்கும் காப்பீடுகள், குறைந்தபட்சக் கூலி, நூறு நாள் வேலை போன்ற உழைப்பு சார்ந்த உத்தரவாதங்கள் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இவற்றைப் பாலின நோக்குடன் வகுப்பது என்றால் பெண்களுக்கென ஒரு தனித் திட்டத்தைக் கூடுதலாக அறிவிப்பது என்று பலர் புரிந்துகொள்கின்றனர். உண்மையில் அது, ஒவ்வொரு திட்டத்தின் சிறு விதிகளையும், அதாவது பணம் யாருடைய பெயரில் வருகிறது, எந்தப் பட்டியலைப் பார்த்து வருகிறது, அதை வாங்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பவற்றையெல்லாம், ஆணும் பெண்ணும் ஒரே நிலையில் வாழவில்லை என்ற உண்மையோடு ஒத்துப் பார்க்கும் வேலையாகும். இந்தச் சிறு விதிகள் பெரும்பாலும் பெருந்தொற்று வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு விடுகின்றன என்பதால், நெருக்கடி நாளில் அறிவிக்கப்படும் தொகையின் அளவைவிட, அமைதி நாளில் பராமரிக்கப்பட்ட பதிவேட்டின் தரமே யாருக்கு உதவி சேர்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

நோய் ஆண், பெண் இருவரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. அந்த வேறுபாடு நோய்க்கு நோய் மாறவும் செய்கிறது. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிக விகிதத்தில் இறந்தனர். வீட்டு நோயாளிகளைப் பராமரிக்கும் பொறுப்பும் ஊட்டக் குறைவும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கொரோனாவில் இறந்தோரில் ஆண்களே மிகுதி. ஆனால் அதன் பொருளாதார அடி எதிர்த்திசையில் விழுந்தது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட இந்திய உழைப்பு நிலை அறிக்கையின்படி, ஊரடங்குக்கு முன் வேலையில் இருந்த ஆண்களில் 7 விழுக்காட்டினர் வேலையை இழந்து 2020 டிசம்பர் வரை திரும்பவில்லை. பெண்களில் அவ்வாறு திரும்பாதோர் 47 விழுக்காடு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களும் செலவிடுவதைக் காட்டியது. பள்ளியும் அங்கன்வாடியும் மூடப்பட்டு, வீட்டிலுள்ள அனைவரும் நாள் முழுதும் வீட்டிலேயே இருந்த மாதங்களில் முதல் எண் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய புள்ளியியல் அறிவு வேண்டியதில்லை. கூலியுள்ள வேலை போய்க் கூலியில்லாத வேலை பெருகிய இந்த நிலையைக் கணக்கில் எடுக்காத நிவாரணம் பாதி நோயை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படும் மருந்துக்கு ஒப்பாகும்.

2020 மார்ச் 26 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த பிரதமரின் ஏழைகள் நலத் தொகுப்பில் பெண்களைக் குறித்த நேரடிப் பணப்பரிமாற்றம் ஒன்று இருந்தது: ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் சுமார் 20 கோடிப் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்கள். பணம் பெண்ணின் பெயரிலேயே செல்ல வேண்டும் என்ற கொள்கை சரியானது. அது நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வங்கிகளில் கூட்டம் சேராதிருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள்கள் பிரிக்கப்பட்டன. பூஜ்ஜியம், ஒன்று என முடியும் கணக்குகளுக்கு ஏப்ரல் 3, இரண்டு, மூன்றுக்கு ஏப்ரல் 4, பின்னர் 7, 8, 9 ஆகிய நாள்கள் என்று ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. காகிதத்தில் இது நேர்த்தியான திட்டம். ஆனால் தமிழ்நாட்டில் மார்ச் மாத இறுதியில் நின்ற பேருந்துகள் ஜூன் 1 அன்றுதான், அதுவும் கட்டுப்பாடுகளுடன், மீண்டும் ஓடத் தொடங்கின. வங்கிக் கிளை குறிஞ்சிப்பாடி, வடலூர் போன்ற ஊர்களில் இருக்க, கணக்கு வைத்திருப்பவரோ உள்ளடங்கிய சிற்றூரில் இருந்தால், தமக்குரிய நாளில் வெயிலில் நடந்தோ யாருடைய இருசக்கர வாகனத்தின் பின்னாலோ அமர்ந்தோதான் அவர் வங்கிக்குச் செல்ல முடியும். வாகனம் ஓட்டிச் செல்பவர் பெரும்பாலும் வீட்டு ஆண் என்பதால், எடுத்த பணம் யார் கையில் தங்கும் என்பது பெயரால் மட்டும் தீர்மானமாகும் விஷயமாக இருக்கவில்லை.

இதைவிட அடிப்படையான சிக்கல், ஜன்தன் கணக்கு என்ற பட்டியலே ஏழைப் பெண்களின் பட்டியல் அல்ல என்பதாகும். வேறு வகைச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஏழைப் பெண் அதில் இல்லை. கணக்கே இல்லாதவர் இல்லை. கணக்கைத் தொடங்கிவிட்டு அது எந்த வகை என்று அறியாதவர்கள் வங்கி வாசலில்தான் அதை அறிந்தனர். யேல் பல்கலைக்கழகத்தின் ரோகிணி பாண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் செய்த மதிப்பீட்டில், நாட்டின் ஏழைப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த உதவிக்கு வெளியே இருக்கக்கூடும் என்று எச்சரித்தனர்.

தமிழ்நாடு அரசு வேறொரு பட்டியலைக் கையில் எடுத்தது. அரிசி வாங்கும் ரேஷன் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வழங்கப்படும் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வறுமைக்கோட்டைக் கொண்டு குடும்பங்களைப் பிரிக்காமல் எல்லோருக்கும் பொது வினியோகம் என்ற முறையை இம்மாநிலம் விடாமல் காத்துவந்ததன் பயன் அப்போது தெரிந்தது. 34,000க்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள், பெரும்பாலும் நடந்து செல்லும் தூரத்தில், ஏற்கெனவே இருந்தன. பெயர்ப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. 2021 மே 7 அன்று பதவியேற்ற மு.க.ஸ்டாலின் அரசு, ஏறத்தாழ 2.07 கோடி அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 4,000 ரூபாயை இரு தவணைகளாக வழங்கியபோதும் இதே பாதையைப் பயன்படுத்தியது.

எளிதில் சென்றடைந்த இந்தப் பாதையிலும் ஒரு குறை உண்டு. ஜன்தன் பணம் பெண்ணைத் தேடிச் சென்று வழியில் நின்றது. ரேஷன் பணம் வீட்டைச் சென்றடைந்தது, ஆனால் வீட்டுக்குள் யாரிடம் சென்றது என்று அது கேட்கவில்லை. அதன் அலகு குடும்பம். கணவரைப் பிரிந்து தாய் வீட்டில் வாழும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் கணவரின் அட்டையிலேயே தங்கியிருக்கும். அதை நீக்கிக்கொள்ளக் கணவரின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது. விவாகரத்து ஆணை இல்லாமல் தனி அட்டை பெறுவது நீண்ட அலைச்சலாக இருந்தது. ஆகவே அந்தப் பெண்ணின் பங்கும் சேர்த்துக் கணவரிடம் சென்றுவிட்டது. இந்த விதியை அரசு பின்னர் தளர்த்தியது என்றாலும், தளர்த்துவதற்கு முன் வந்துபோன தொற்றுக்கு அது உதவவில்லை. பெற்றோர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு எந்த அட்டையிலும் பெயர் இல்லாத திருநங்கைகளின் நிலை இதைவிடக் கடினமாக இருந்தது. 2021இல்தான் ரேஷன் அட்டை இல்லாத திருநங்கைகளுக்கும் நிவாரணத் தொகை வழங்க முடிவு செய்யப்பட்டது.

உதவி பெறத் தகுதியுள்ளவர் விடுபட்டுப் போவதை விலக்கல் பிழை என்றும், தகுதியற்றவர் சேர்ந்துவிடுவதைச் சேர்த்தல் பிழை என்றும் கொள்கை வகுப்போர் பிரித்துப் பேசுவர். அரசு அலுவலகங்கள் இயல்பாகவே இரண்டாவதற்கு அஞ்சுகின்றன, ஏனெனில் தணிக்கையில் சிக்குவது அதுதான். விடுபட்டவர் தணிக்கைக் குறிப்பில் இடம்பெறுவதில்லை. குறிஞ்சிப்பாடிக்கு அருகே வடலூரில் 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலை, பசித்து வருபவரிடம் சாதியோ ஊரோ சான்றோ கேட்பதில்லை என்ற ஒழுங்கில் இன்றுவரை அடுப்பணையாமல் நடக்கிறது. அறநிலையத்தையும் அரசையும் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. அரசுக்குக் கணக்குக் காட்டும் கடமை உண்டு. எனினும் தொற்று பரவும் மாதங்களில் விலக்கல் பிழையின் விலை பட்டினி, சேர்த்தல் பிழையின் விலை சில ஆயிரம் ரூபாய் என்பதால், அத்தகைய காலத்துக்கு எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது நியாயமானதே.

பட்டியல்களின் குறை எங்கே மிகக் கூர்மையாகத் தெரிகிறது என்று கேட்டால் கைத்தறியைக் காட்டலாம். தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டும் வேலை கண்ணுக்குத் தெரிவது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலைகள் அவ்வளவாகத் தெரிவதில்லை. சிட்டமாக வரும் நூலைப் பிரித்து இராட்டையில் ஏற்றிச் சுற்றுவது, பாவுக்குக் கஞ்சியிட்டு இழை ஒட்டாமல் பிரிப்பது, அறுந்த இழையைப் பிணைப்பது, ஊடைக்கான நூலைச் சிறு குழலில் ஏற்றித் தார் சுற்றுவது ஆகியவை இல்லாமல் தறி ஓடாது. தார் சுற்றும் வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயதான மூதாட்டிகளும் செய்கின்றனர். ஒரு கையால் இராட்டையைச் சுழற்றி, மறு கையின் விரல்களுக்கிடையே நூலை ஓடவிட்டு, அது தளராமலும் அறாமலும் குழலில் ஒரே சீராகப் படியச் செய்ய வேண்டும். தார் தளர்ந்திருந்தால் தறியில் நூல் சிக்கும், நெய்பவரின் அன்றைய கூலி குறையும். நெசவுக் கூலி கைலிக்கு இவ்வளவு என்று பேசப்படும்போது இந்த உழைப்பும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால், வீட்டுப் பெண்ணின் கூலி என்று தனியே ஓர் எண் எங்கும் பதிவாவதில்லை.

2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் பேர் கைத்தறியிலும் அதன் துணை வேலைகளிலும் இருப்பதாகவும், அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பெண்கள் என்றும் கண்டது. கணக்கெடுப்பில் இவ்வாறு பெரும்பான்மையாகத் தெரியும் பெண், நிவாரணப் பட்டியலில் சிறுபான்மையாகிவிடுவது எப்படி என்பதற்கு விடை, பட்டியல் எதற்காகத் தயாரிக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு தறிக்கும் அதன் உரிமையாளருக்கும் உரியது. தறி வீட்டு ஆணின் பெயரில் இருப்பதே வழக்கம். 2020 கோடையில் நெசவாளர் நல வாரியத்தில் பதிவு செய்த கைத்தறி நெசவாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தபோது, பதிவு பெற்றவருக்கு அது கிடைத்தது. அதே வீட்டில் தார் சுற்றிய பெண்ணின் வேலையும் அதே நாளில்தான் நின்றது. அவர் நெசவாளர் என்று யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. கணவர் உயிரோடு, உடன் வாழும் வரை இந்தக் குறை வெளியே தெரியாது. அவர் இறந்துவிட்டாலோ, குடும்பத்தை விட்டுச் சென்றுவிட்டாலோ, முப்பது ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்த பெண் அரசின் கண்ணில் தொழிலே இல்லாதவராக நிற்கிறார்.

தமிழ்நாடு இத்தகைய பதிவில் முன்னோடி மாநிலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், கட்டுமானம் முதல் வீட்டு வேலை வரை பல தொழில்களுக்கு நல வாரியங்கள் தோன்றின. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலும் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இலும் அமைக்கப்பட்டன. இவற்றின் பின்னால் தொழிற்சங்கங்களின், குறிப்பாகப் பெண் தொழிலாளர்களின், நீண்ட போராட்டம் உண்டு. வாரிய உறுப்பினர்களுக்கு ஊரடங்கில் ஆயிரம் ரூபாய் வீதம் உதவி அறிவிக்கப்பட்டபோது, பதிவைக் காலத்தே புதுப்பிக்காதவர்கள் சிக்கலுக்குள்ளாயினர். புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒரு நாள் வேலையை விட்டு மாவட்டத் தலைநகருக்குச் சென்று, வேலை செய்வதற்கான சான்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு வீடுகளில் பகுதி நேரம் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தச் சான்றில் கையெழுத்திட எந்த வீட்டு முதலாளியும் முன்வருவதில்லை.

பணத்தால் மட்டும் தீராத பகுதி ஒன்றும் இதில் உண்டு. ஊரடங்கின் முதல் சில நாள்களில் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் மாதவிடாய்க்கால அணையாடை தெளிவாகக் குறிப்பிடப்படாததால் அதன் உற்பத்தியும் வினியோகமும் தடுமாறின. மளிகைப் பொருள் என்பதில் அதுவும் அடங்கும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று விளக்கம் தர வேண்டியிருந்தது. பட்டியலைத் தயாரித்த மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் பள்ளிகள் வழியாகவும் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகவும் வளரிளம் பெண்களுக்கு விலையின்றி அணையாடை வழங்கும் திட்டம் இருந்தும், பள்ளி மூடப்பட்டதும் அந்த வாயில் அடைபட்டது. மகப்பேறு நிலைமை இதனினும் மேலானதாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பின்னலும், 1987இல் 300 ரூபாயில் தொடங்கிப் பின்னர் 18,000 ரூபாயாக உயர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும், கருவுற்ற பெண்ணின் பெயரைக் கருவுற்ற சில வாரங்களிலேயே ஒரு பதிவேட்டில் ஏற்றிவிடுகின்றன. அவரைத் தேடிச் செல்லச் செவிலியருக்கு ஏற்கெனவே ஒரு முகவரி இருந்தது.

வீட்டுக்குள் நிகழும் வன்முறைக்கு அத்தகைய முகவரி கிடையாது. தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2020 பிப்ரவரி 27 முதல் மார்ச் 22 வரை வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 123. மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை வந்தவை 239. வன்முறை செய்பவரும் பாதிக்கப்படுபவரும் ஒரே அறையில் அடைபட்டிருக்க, வீட்டிலிருக்கும் ஒரே கைபேசி வன்முறை செய்பவரின் சட்டைப் பையில் இருக்கும் நிலையில், இந்த எண்கள் நடந்தவற்றின் ஒரு துளியே ஆகும். ஆணையம் ஏப்ரல் 10 அன்று வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்ததும், தமிழ்நாட்டில் 181 உதவி எண் இயங்கியதும் பயனுள்ளவை. ஆனால் பேச முடியாத பெண் வந்து சொல்லக்கூடிய இடங்களாக ரேஷன் கடை, மருந்துக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவையே அந்த மாதங்களில் திறந்திருந்தன. ஸ்பெயினிலும் பிரான்சிலும் மருந்துக் கடைகளைப் புகார் வாயிலாக்கினர். ரேஷன் கடையை அவ்வாறு ஆக்கும் யோசனை இங்கே எழவில்லை.

ஒரு துறை கொடுப்பதை மற்றொரு துறை எடுத்துக்கொள்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் மூடப்பட்ட டாஸ்மாக் மதுக்கடைகள் 2020 மே 7 அன்று சென்னைக்கு வெளியே திறக்கப்பட்டன. கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியே கடலூர் மாவட்டத்தில் தொற்று திடீரென உயர்ந்துகொண்டிருந்த வாரம் அது. பல ஊர்களில் பெண்கள் கடைகளின் முன் எதிர்ப்புத் தெரிவித்தனர். மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. அடுத்த நாளே கடைகள் மீண்டும் திறந்தன. வேலையே இல்லாத மாதத்தில் வீட்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நிவாரணமும் மதுக்கடையின் கல்லாவும் ஒரே அரசின் இரு கணக்குகள். பாலின நோக்கு நிவாரணத் துறையின் கோப்பில் மட்டும் இருந்து, வருவாய் ஈட்டும் துறையின் கோப்பில் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு அந்த மே மாதம் நல்ல பாடம்.

குழுக் கடனும் அதே வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பெரும் இயக்கமாக வளர்ந்தன. பின்னாளில் நுண்கடன் நிறுவனங்களும் அதே குழு வடிவத்தைப் பின்பற்றி, பெண்களை ஒருவருக்கொருவர் பிணையாக வைத்து வாரத் தவணையில் கடன் கொடுக்கலாயின. இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பை அறிவித்து, பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அன்று. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது. தவணையை ஒத்திவைப்பதும் வைக்காததும் கடன் கொடுத்தவரின் விருப்பத்தில் விடப்பட்டதால், சலுகையைப் பற்றி அறியாத பெண்களிடம் முகவர்கள் வழக்கம்போல் வசூலுக்கு வந்தனர் என்ற புகார்கள் பல மாவட்டங்களில் எழுந்தன. ஒருவர் தவணை கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், நிறுவனத்தின் நெருக்குதல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாய்வழியாகவே வந்தது. பெண்களை இலக்காகக் கொண்ட ஒரு நிதி ஏற்பாடு பெண்களுக்கு நலம் செய்வதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுவது. அதைச் சோதித்துப் பார்ப்பதே பாலின நோக்கின் வேலை.

இரண்டாம் அலையின்போது எடுக்கப்பட்ட சில முடிவுகள் முதல் அலையைவிட நுட்பமாக இருந்தன. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. நிவாரணமாக அறிவிக்கப்படாத இத்திட்டம், வருமானச் சான்றோ அட்டையோ பதிவோ கேட்காமல், பேருந்தில் ஏறும் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கிறது என்ற ஒரு காரணத்தாலேயே விலக்கல் பிழையிலிருந்து தப்பியது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 800 ரூபாய்க்கு மேல் மிச்சமாவதாகக் கண்டது. டவுன் பஸ் வராத ஊரில் இந்தச் சலுகையும் வராது என்பது அதன் எல்லை. புறநகர்ப் பேருந்தை நம்பியிருக்கும் கிராமங்களுக்கு அது பாதிப் பயனே தந்தது. அதே மே மாதம் 29 அன்று, கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பீடும், ஒருவரை இழந்தால் எஞ்சிய பெற்றோருக்கு 3 லட்சம் ரூபாயும் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எஞ்சியவர் பல குடும்பங்களில் அதுவரை வங்கிப் படிவம் நிரப்பியிராத ஒரு தாய் என்பதால், இறப்புச் சான்றில் நோயின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்ற கேள்வி திடீரென அவருடைய வாழ்வாதாரக் கேள்வியானது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தவர், பரிசோதனை முடிவு வருமுன் இறந்தவர் ஆகியோரின் மனைவியர் அலுவலகங்களில் அலைந்தது இதனால்தான்.

பிற நாடுகளின் அனுபவம் இரண்டொரு குறிப்புகளில் போதும். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, 2020 ஏப்ரலில் கைபேசி வழியாகப் பணம் அனுப்பியபோது ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல் தொகை வைத்தது. பிரேசில், தனியாகக் குழந்தை வளர்க்கும் தாய்மார்களுக்கு மற்றவர்களைப் போல் இருமடங்கு வழங்கியது. சியரா லியோனில் எபோலாவின்போது பள்ளிகள் மூடப்பட்டு, இளம் பெண்கள் பலர் கருவுற, கருவுற்ற மாணவியரைப் பள்ளிக்கு வரக் கூடாது என்று 2015இல் தடுத்த அரசு, அந்தத் தடையை 2020 மார்ச்சில்தான் நீக்கியது. ஐக்கிய நாடுகளின் மகளிர் அமைப்பும் வளர்ச்சித் திட்டமும் 2020இல் உலக நாடுகளின் நடவடிக்கைகளைத் தொகுத்தபோது, பெண்களைக் கருதி எடுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி வன்முறைத் தடுப்பைப் பற்றியதாகவும், வீட்டுப் பராமரிப்புச் சுமையைக் குறைப்பவை மிகச் சிலவாகவும் இருந்தன.

அந்தச் சுமையைக் குறைப்பதற்குப் பதிலாக, நோய் எதிர்ப்புப் பணியே பெரும்பாலும் பெண்களின் மலிவான உழைப்பின்மேல் எழுப்பப்பட்டது. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தவர்களில் அங்கன்வாடிப் பணியாளரும் சுய உதவிக் குழுப் பெண்களும் இருந்தனர். முகக்கவசம் தைத்தவர்கள் குழுப் பெண்கள். தெருக்களைச் சுத்தம் செய்தவர்களில் பெண்கள் கணிசமானோர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. அதன் தூண்களான மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு மாத ஊக்கத்தொகையாகச் சில ஆயிரம் ரூபாயே வழங்கப்பட்டது. நோயாளிப் பெண்ணுக்கு இது நல்ல திட்டம். அதைச் செய்யும் பெண்ணுக்கு அது சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலையாகும் வரை, சமூகப் பாதுகாப்பைக் கொடுப்பவரே அதற்கு வெளியே நிற்கிறார்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், 1.06 கோடிக் குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தும் ஏற்பாடாகத் தொடங்கியது. அதன் முக்கியப் பயன் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை: மாநிலத்தில் முதல்முறையாகக் கோடிக்கணக்கான பெண்களின் பெயர், கணக்கு எண், கைபேசி எண் ஆகியவை பெண்ணை அலகாகக் கொண்ட ஒரே பதிவேட்டில் வந்தன. அடுத்த தொற்றில் ஏற்கெனவே உதவி பெறுவோருக்குத் தொகையை உயர்த்துவதற்கு, அதாவது வல்லுநர்கள் செங்குத்து விரிவாக்கம் என்று சொல்லும் முறைக்கு, இதைவிட விரைவான வழி கிடையாது. விடுபட்டவர்களைப் புதிதாகச் சேர்க்கும் கிடைமட்ட விரிவாக்கமே கடினமானது. இத்திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 1.63 கோடி. ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய் வருமான வரம்பு, 3,600 யூனிட் மின்சார வரம்பு ஆகியவற்றோடு, அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் குடும்பங்கள் விலக்கப்பட்டன. பொதுவாகப் பார்த்தால் இது நியாயமான விலக்கு. ஆனால் நெய்வேலி போன்ற ஊரில், நிரந்தரப் பணியாளரான கணவரைப் பிரிந்து, பெயரை அவருடைய அட்டையிலேயே விட்டுவிட்டுக் குறிஞ்சிப்பாடியில் தாய் வீட்டுத் திண்ணையில் தார் சுற்றும் பெண்ணை, அந்த விதி பொதுத்துறை ஊழியரின் மனைவியாகவே காண்கிறது.

இவற்றையெல்லாம் சரிசெய்யப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவைப்படுவதில்லை. கைத்தறிச் சங்கங்களிலும் நெசவாளர் நல வாரியத்திலும் தறி உரிமையைப் பாராமல், நூல் சுற்றுபவரையும் பாவு தயாரிப்பவரையும் அவரவர் பெயரில் தொழிலாளராகப் பதியலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் மத்திய அரசு திறந்த இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தோரில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதால், அந்தத் தரவை மாநில வாரியங்களின் பதிவோடு ஒப்பிட்டு விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்கலாம். புதுப்பித்தலுக்கான வசதியை ரேஷன் கடையிலோ சங்கத்தின் நூல் வழங்கும் நாளிலோ தரலாம், ஏனெனில் நூல் வாங்க வரும் நாளில் கணவருடன் அந்தப் பெண்ணும் பெரும்பாலும் வருகிறார். 2022இல் அமைக்கப்பட்ட கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியத்தின் பட்டியலைக் குடும்ப அட்டைப் பதிவோடு இணைத்தால், பிரிந்து வாழும் பெண்ணின் பங்கு பழைய முகவரிக்குச் செல்வதை நெருக்கடி அறிவிக்கப்படும் நாளிலேயே தடுத்துவிட முடியும். இதற்கு வேண்டிய கள விசாரணையைச் செய்ய வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர், அதற்கு உரிய நேரம் தொற்று இல்லாத ஏதேனும் ஓர் ஆண்டின் சாதாரண மாதம்.